சலமங்காவுக்கு ஒரே ஓர் இடம்

அத்தியாயம் பதினொன்று

ஸ்பெயினிலிருந்து வந்த நீலக் கடிதத்தை அருள்நாயகி சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டதையும், அதைப் பார்த்த அவள் கணவர் நாகேந்திரம் ஒரு வார்த்தையும் பேசாமல் சட்டையைக் கொழுவிக்கொண்டு வெளியே போனதையும் போன கிழமை கண்டோம். மனிசன் ஏன் அப்படிப் போனார் என்று எத்தனை பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள்! பொறுங்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்றைக்கே தெரிந்துவிடும்.

கடிதத்தில் இருந்த விஷயம் சின்னதுதான். கொழும்பில் ஸ்பானிஷ் படிப்பிக்கிறவர்கள் எல்லாருமாகச் சேர்த்து ஐந்தே ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் ஒருவருக்குச் சலமங்கா பல்கலைக்கழகத்தில் ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், ஆசிரியப் பயிற்சி. யாருக்கு என்பதைத் தீர்மானிக்க அங்கிருந்து ஒரு பயிற்சியாளர் வருகிறார். 'என் வகுப்பு எனக்கு என்ன கற்றுத் தந்தது' என்று ஒவ்வொருவரும் அவர் முன்னால் எழுதி வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் நின்று, தன் கண்ணால் காணாத ஒரு நாட்டின் மொழியைப் பதினாலு வருடம் படிப்பித்த அருள்நாயகிக்கு அது சின்ன விஷயமா? சின்ன வயதில் கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்பானியக் கன்னியாஸ்திரியிடம் படித்த மொழி அது. கனவில்கூட அந்த மொழியில் சண்டை பிடிப்பாள். அந்த நாட்டுத் தெருவில் ஒரு தடவை நடந்து, ஒரு கடைக்காரனிடம் தக்காளி என்ன விலை என்று கேட்டுவிட்டால் போதும் அவளுக்கு.

எழுதுவதற்கும் அவள் தேட வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஒரு பழக்கம். வகுப்பு முடிந்ததும் கரும்பலகையை அழிப்பதற்கு முன்பு ஒரு பக்கம் எழுதிவிடுவாள். இன்றைக்கு எங்கே பிழைத்தது, பிழைவிட்டது பிள்ளையா நானா, நாளைக்கு எதை மாற்ற வேண்டும். அப்படிச் சேர்ந்தது மூன்று தடித்த, கெட்டி அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. கோட்டையில் கப்பல் கொம்பனியொன்றில் தட்டெழுத்தராக இருக்கும் நாகேந்திரம், டைப் அடித்துத் தருகிறேன் என்று இரண்டு கிழமைக்கு முன்பு அவற்றைக் கொண்டுபோனார். முந்தாநாள் கொப்பிகள் போன மாதிரியே திரும்பி வந்தன.

"மிஷின் பழுதாப் போட்டுது அருள். கையெழுத்திலையே வாசியும். உம்மடை எழுத்து வடிவுதானே" என்றார்.

நம்பினாள். ஏன் நம்பாமல் விடவேண்டும்? கட்டின புருஷன்.

இனி இன்றைக்கு வருவோம்.

காலை ஆறரை மணி. குசினி வாசலில் சிவமணி வந்து நின்றாள். நாகேந்திரத்தின் தங்கை, இருபத்தேழு வயது. அருள்நாயகியிடமே ஸ்பானிஷ் படித்து, ஒரு வருடமாக அதே நிலையத்தில் தொடக்க வகுப்பு எடுக்கிறாள். ஐந்து பேரில் அவளும் ஒருத்தி. ரோஸ் நிறச் சேலை, முகம் நிறையப் பயம்.

"மச்சாள்" என்றாள். சட்டென்று அருள்நாயகியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்கள் செய்த உதவியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

"விசரி! என்னடி செய்தனான்? சாறிக்கு ஊசி குத்தினதுக்கே இவ்வளவு?"

சிவமணி சிரித்தாள், கண் கலங்கியது. நாகேந்திரம் எங்கிருந்தோ அவசரமாக இடையில் வந்தார்.

"சரி சரி, பஸ்ஸுக்கு நேரமாகுது. வெளிக்கிடுங்கோ ரெண்டு பேரும். மத்தியானம் நான் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வாறன்."

இவருக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று அருள்நாயகி நினைத்தாள். பிறகு பஸ் வந்துவிட்டது, மறந்துவிட்டாள்.

பம்பலப்பிட்டியில் சோதனைக்காக பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். அது தொண்ணூற்றேழாம் வருடம். இறங்குவதும் வரிசையில் நிற்பதும் பல் துலக்குவது மாதிரிப் பழகிப்போன காலம். அருள்நாயகியின் அடையாள அட்டையில் கொட்டாஞ்சேனை விலாசம். சிவமணியின் அட்டையில் யாழ்ப்பாணத்துக் கோப்பாய். மே மாதம் இதே மாதிரி ஒரு வரிசையிலிருந்துதான் அவளைப் பிரித்தெடுத்துக் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி அவள் இன்றுவரை வாய் திறக்கவில்லை. வெளியில் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கோப்பையோடு எழும்பிவிடுவாள்.

"கொஹெத யன்னே?" என்று கேட்டான் அட்டையைப் பார்த்த பொலிஸ்காரன். எங்கே போகிறீர்கள் என்று.

"கொட்டஹேன, மஹத்தயா. அபி டீச்சர்லா" என்று, கொட்டாஞ்சேனைக்கு, நாங்கள் டீச்சர்மார் என்று, அருள்நாயகி இருவருக்குமாகப் பதில் சொன்னாள். சேலைத் தலைப்புக்குள் சிவமணியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ஐஸாகக் குளிர்ந்திருந்தன. பாவம் பிள்ளை என்று மனம் உருகிப்போயிற்று.

கொட்டாஞ்சேனையில் ஒரு கன்னியர் மடத்து மண்டபம். வாசலிலேயே ஒஸ்வால்ட் நின்றார். வெள்ளவத்தை நிலையத்தை நடத்துகிறவர். மாதம் ஒருமுறை வந்து விளம்பரப் பலகை நேராக நிற்கிறதா என்று பார்ப்பாரே தவிர, மாடிப்படி ஏறி வகுப்பறைக்குள் காலை வைத்தவரில்லை.

"வாங்க வாங்க மிஸிஸ் நாகேந்திரம். வெளிநாட்டு லேடி வந்தாச்சு. நம்ம நிலையத்துக்குத்தான் இடம் வரணும், சொல்லிட்டேன். உங்க ரெண்டு பேர்ல யார் போனாலும் எனக்குச் சந்தோஷம்!"

பிலார் என்பது பயிற்சியாளரின் பெயர். ஐம்பது வயது, குட்டையாக வெட்டின நரை முடி, காலில் ரப்பர் செருப்பு. வந்தவுடனேயே மேசையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கதிரைகளை வட்டமாகப் போட வைத்தார். மண்டபத்தில் இனி எல்லாரும் பேசப்போவது ஸ்பானிஷ். நமக்குத் தமிழில்.

"நீங்கள் நன்றாகச் செய்ததைச் சொல்ல வேண்டாம்" என்றார் பிலார். "எங்கே பிழைத்தது, அதிலிருந்து என்ன கண்டுபிடித்தீர்கள், அதைச் சொல்லுங்கள்."

அருள்நாயகிக்கு நெஞ்சு குளிர்ந்தது. என் கொப்பி பேசுகிற பேச்சையல்லவா இந்த மனுசி பேசுகிறாள்!

முதலில் வலன்ரைன் எழும்பினார். ஒரு காலத்தில் ஸ்பானியக் கப்பலில் சமையல்காரர், இப்போது கப்பலுக்குப் போகிற இளைஞர்களுக்கு மூன்று மாத வகுப்பு எடுக்கிறார். "முதல் வருஷம் வினைச்சொல் அட்டவணை எல்லாம் பாடமாக்க வைத்தேன். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் ஓடிவிட்டார்கள். இப்போது கயிற்றைக் கட்டு, கயிற்றை அவிழ், என் சம்பளம் எங்கே, இந்த மூன்றிலிருந்து தொடங்குகிறேன். ஒருத்தனும் ஓடவில்லை" என்றார். பிலார் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுத்தது சிவமணி.

மடியிலிருந்து ஒரு சிவப்பு ஃபைலை எடுத்தாள். டைப் அடித்த தாள்கள். அட, எனக்குக்கூடச் சொல்லாமல் எவ்வளவு வடிவாகத் தயார் செய்திருக்கிறாள் என்று அருள்நாயகி பெருமைப்பட்டாள். ஆம், பெருமைதான் பட்டாள். அதை நினைக்க நினைக்கத்தான் பிறகு வயிறு எரிந்தது.

சிவமணி வாசிக்கத் தொடங்கினாள்.

"ஸ்பானிஷ் புத்தகம் எதுவானாலும் முதல் பாடம் ஒன்றுதான். உன் பெயர் என்ன? நீ எந்த ஊர்? இங்கே யாருடன் தங்கியிருக்கிறாய்? போன வருடம் பெப்ரவரி மாதம் என் வகுப்பில் சேர்ந்த ஓர் இளைஞனிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டேன். அவன் எழுந்து நின்றான். அவன் கை சட்டைப் பைக்குள் போயிற்று. அடையாள அட்டையை எடுத்து என்னிடம் நீட்டினான். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை."

அருள்நாயகி நிமிர்ந்தாள். மூன்றாவது கொப்பி, நடுப்பக்கம். நீல மையில் அவள் எழுதியது.

இந்தா, இப்போது சொல்லுவாள், இது என் மச்சாளின் வகுப்பில் நடந்தது என்று. காத்திருந்தாள்.

"அன்றைக்குப் பிழைவிட்டது நான் என்று எழுதி வைத்தேன். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கேட்கிற கேள்விகளை நானும் கேட்டிருக்கிறேன். மறுநாள் பாடத்தை மாற்றினேன். என் வகுப்பில் முதல் மாதம் யாரிடமும் பெயரோ ஊரோ கேட்பதில்லை. உனக்கு என்ன பிடிக்கும் என்று மட்டும் கேட்பேன். அந்த இளைஞன் எனக்கு மழை பிடிக்கும் என்றான். தமிழைப் போலவே ஸ்பானிஷிலும் அது 'எனக்கு' என்றே தொடங்கும், அதனால் மனதுக்குள் நினைத்த மாதிரியே அவனுக்கு வந்துவிட்டது. ஆங்கிலம் வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் தடுக்கி விழுந்திருப்பான். அன்றிலிருந்து ஆங்கிலத்தை வகுப்புக்கு வெளியே நிறுத்தினேன்."

என் வகுப்பில். என் வகுப்பில். இரண்டாம் தடவையும் அந்தச் சொல் வந்தபோது அருள்நாயகிக்குக் காது அடைத்தது. அடி பாவி! ஒவ்வொரு வரியும் அவளுடையது. அந்த மழை அவளுடையது. போன வருடம் பெப்ரவரியில் இவள் பின் வரிசை வாங்கில் இருந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தவள். ஜூனில்தான் வகுப்பெடுக்கத் தொடங்கினாள்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கடைசிப் பக்கம் ஒன்று இருந்தது, அது எந்தக் கொப்பியிலும் இல்லாத பக்கம்.

"அந்த இளைஞன் இப்போது கனடாவில் இருக்கிறான். போன மாதம் எனக்கு ஒரு கடிதம் போட்டான், முழுக்க ஸ்பானிஷில். இங்கேயும் மழை பெய்கிறது டீச்சர் என்று எழுதியிருந்தான்."

பிலார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். ஒஸ்வால்டுக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது, அவர்தான் பலமாகத் தட்டினார்.

அருள்நாயகி கைதட்டவில்லை. அந்த இளைஞனின் பெயர் கேதீஸ். கனடாவுக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்த வருடம் மார்ச் மாதம் வகுப்புக்கு வரும் வழியில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த முகாமிலும் பெயர் இல்லை. அவனுடைய தாய் இன்றைக்கும் சனிக்கிழமை தவறாமல் நிலையத்துப் படியேறி வந்து, "டீச்சர், கூடப் படிச்ச பெடியள் ஆரும் ஏதும் கேள்விப்பட்டவங்களோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

சிவப்பு ஃபைல் கை மாறி மாறி அவளிடமும் வந்தது. திறந்தாள்.

ஸ்பானிஷ் மொழியில் கேள்வி தொடங்கும் இடத்திலும் ஒரு கேள்விக்குறி வரும், தலைகீழாக. கொழும்பு மிஷின்களில் அந்த எழுத்து ஏது? பதினாலு வருடத்துக்கு முன்பு அவளுடைய முதல் பரீட்சைத் தாளை டைப் அடிக்கும்போது நாகேந்திரம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். இடத்தை விட்டு விட்டு அடிப்பார். பிறகு தாளை உருவி, தலைகீழாகத் திருப்பிச் செருகி, விட்ட இடங்களில் சாதாரணக் கேள்விக்குறியைப் போடுவார். திருப்பிச் செருகும்போது ஒரு மயிரிழை இடதுபக்கம் சரியும். எத்தனை தரம் முயன்றும் அந்தச் சரிவு அவருக்குப் போகவில்லை. கலியாணமான புதிதில் அவள் அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்திருக்கிறாள்.

ஃபைலில் இருந்த ஒவ்வொரு தலைகீழ்க் கேள்விக்குறியும் இடதுபக்கம் சரிந்திருந்தது.

மிஷின் பழுதாம். மிஷின் பழுது!

சாப்பாட்டு இடைவேளை விட்டதும் கிணற்றடிக் குழாயில் சிவமணியைப் பிடித்தாள். பிடிக்க வேண்டியிருக்கவில்லை, அவளே ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சரியாச் செய்தனானே மச்சாள்? உங்கடை எழுத்துக்குக் குறை வராமல் வாசிச்சனானே?"

"என்னடி சொல்லுறாய்?" என்றாள் அருள்நாயகி.

"நீங்கள் எனக்காக விலகினது எனக்குத் தெரியாதெண்டே நினைச்சியள்? அண்ணா எல்லாம் சொன்னவர். கொப்பியளை நீங்களாத்தான் எடுத்துக் குடுத்தனீங்கள் எண்டு. அதைப் பற்றி மச்சாளோடை கதைக்காதை, அவவுக்கு மனம் நோகும் எண்டும் சொன்னவர். நான் ஒண்டும் கதைக்கேல்லை. காலமைதான் தாங்கேலாமல் உங்கடை கையைப் பிடிச்சிட்டன்."

"கேதீஸின்ரை கடிதம்?"

"அதுவும் அண்ணாதான் சொன்னவர். உங்களுக்கு வந்ததெண்டு. அவன் தப்பிக் கனடாவுக்குப் போட்டான், தாய்க்கும் இப்ப சொல்லக்கூடாது எண்டவர். நான் ஸ்பானிஷிலை எழுதினன்." சிவமணியின் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. "ஏன் மச்சாள்? வரேல்லையே?"

"வரேல்லை. நான் விலகவும் இல்லை. கொப்பி குடுக்கவும் இல்லை."

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. சிவமணி அதை மூடக்கூட மறந்து நின்றாள்.  பிறகு அருள்நாயகியின் தோளைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"ஐயோ, எனக்குத் தெரியாது மச்சாள். சத்தியமாத் தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு நானே எழும்பி உண்மையைச் சொல்லுறன். எனக்கு இந்த இடம் வேண்டாம்."

"அழாதை. உன்னிலை பிழையில்லை" என்றாள் அருள்நாயகி. அப்படித்தான் அவள் அப்போது நினைத்தாள்.

வாசலில் நாகேந்திரம் மூன்று பார்சலோடு நின்றார். மனைவியைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வியைக் கேளுங்கள்.

"மணி எப்படிச் செய்தவள்?"

"மிஷின் பழுதெண்டனீங்கள்."

அவர் பார்சல்களை வாங்கில் வைத்தார். 

"தாளைத் தலைகீழாச் செருகிக் கேள்விக்குறி போடுறதுக்கு இந்தக் கொழும்பிலை வேறை ஆர் இருக்கினம்? சொல்லுங்கோ பாப்பம்."

"அருள், இஞ்சை வைச்சுக் கதைக்க வேண்டாம். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

நாகேந்திரம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் யோசிச்சுப் பாரும். நீர் போனால் ஆறு கிழமையிலை திரும்பி வந்திடுவீர். அவள் போனால் வரமாட்டாள். அங்கையே நிண்டிடுவாள். நான் ஒழுங்கு பண்ணியிருக்கிறன். இன்னொருக்கால் அவளைப் பிடிச்சாங்களெண்டால் உயிரோடை வருவாளெண்டு ஆர் கண்டது? வவுனியாவிலை இருந்து அம்மா கிழமைக்கொரு கடிதம் போடுறா, பிள்ளையை எப்பிடியாவது அனுப்பிவிடு எண்டு. நான் வேறை என்ன செய்ய?"

"உதை ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டுக் குடுப்பீரோ? பதினாலு வருஷம் எண்டு தொடங்குவீர்."

"கேட்டனீங்களோ?" அவள் அவருக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். "ஒருக்கால், ஒரே ஒருக்கால், அருள் இப்பிடி விஷயம், என்ன செய்வம் எண்டு என்னட்டைக் கேட்டனீங்களோ?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? அவளுக்கே தெரியாது. கொடுத்திருக்கலாம். இரண்டு நாள் அழுதுவிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமலும் விட்டிருக்கலாம். இனி அதை அவள் எப்படித் தெரிந்துகொள்வது? தான் எப்படிப்பட்டவள் என்று தானே அறிகிற வழியையும் அல்லவா இந்த மனிசன் அடைத்துவிட்டார்.

"அந்தப் பெடியன்ரை கதையை ஏன் மாத்தினனீங்கள்?"

"வெள்ளைக்காரிக்கு முடிவு நல்லா இருக்க வேணும். அதாலை ஆருக்கு என்ன நட்டம்?"

"அவன்ரை தாய் இந்தத் தெருவிலைதான் இருக்கிறா" என்றாள் அருள்நாயகி. அதற்கு மேல் அவரோடு நிற்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

மண்டபத்து ஜன்னலால் பார்த்தாள். நாகேந்திரம் தங்கையைக் கூப்பிட்டு மாமரத்தடியில் நின்று ஏதோ பேசினார். சிவமணி தலையை ஆட்டினாள், இல்லை, இல்லை என்று. அவர் தொடர்ந்து பேசினார். தெருவால் ஒரு ஜீப் போனது. சிவமணி அது மறையுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அவள் தலையை ஆட்டவில்லை.

மணி அடித்தது. எல்லாரும் வட்டத்தில் வந்து அமர்ந்தார்கள். அருள்நாயகி சிவமணியைப் பார்த்தாள். இப்போது எழும்புவாள், இதோ எழும்புவாள் என்று. சிவமணி சேலைத் தலைப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அருள்நாயகி, உங்கள் முறை" என்றார் பிலார்.

எழும்பினாள். கொப்பிகள் கதிரையிலேயே கிடந்தன. அதை வாசித்தால் என்ன சொல்லுவார்கள்? காலையில் ஒருத்தி வாசித்ததை மத்தியானம் இன்னொருத்தி பார்த்து எழுதிவிட்டாள் என்பார்கள். பதினாலு வருட உழைப்பு, அவள் கையிலேயே களவுப் பொருளாகிவிட்டது.

மண்டபத்து வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நாகேந்திரம் நின்றார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து வைத்திருந்தார். கும்பிடுகிறாராம்! இதுநாள்வரை அவளைப் பார்த்து ஒருமுறையாவது கும்பிட்டிருப்பாரா?

"எனக்கு இந்த இடம் வேண்டும்" என்றாள் அருள்நாயகி ஸ்பானிஷில்.

பிலாரின் புருவம் உயர்ந்தது.

"யாராவது என்னிடம் கேட்டிருந்தால் ஒருவேளை வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன், எனக்கு வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து அந்தக் கடிதம் வரவில்லை. அந்த இளைஞனின் பெயர் கேதீஸ். மார்ச் மாதம் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்கும் தெரியாது, அவன் தாய்க்கும் தெரியாது."

 வலன்ரைன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பிலார் மெதுவாகக் கேட்டார். "அவன் சிவமணியின் மாணவன் அல்லவா?"

"அவன் என் மாணவன். அது என் வகுப்பு. நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். சிவமணியிடம் கேளுங்கள், அவள் சொல்லுவாள்."

அந்த நேரத்திலும் நம்பினாள், பாருங்கள்! குழாயடியில் தோளில் விழுந்து அழுதவள், காலையில் இவள் கையால் ரோஸ் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டவள், வரிசையில் நின்றபோது விரல் குளிர்ந்து போனவள். வேறு யாரை நம்புவது?

பிலார் சிவமணியின் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கள். அது யாருடைய வகுப்பு?"

சிவமணி எழுந்தாள். அண்ணனைப் பார்த்தாள். வெளியே தெருவைப் பார்த்தாள். மச்சாள் இருந்த பக்கம் மட்டும் அவள் முகம் திரும்பவில்லை.

"எஸ் மி க்ளாஸே" என்றாள்.

என்னுடைய வகுப்பு. தெளிவாக, நிதானமாக, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள். எட்டு வருடம் பக்கத்தில் இருந்து திருத்தித் திருத்தி எடுத்த உச்சரிப்பு அது. குற்றம் சொல்ல அதில் ஒன்றுமே இருக்கவில்லை.

அருள்நாயகி கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நாகேந்திரம் செய்தது நெஞ்சில் அடித்தது. இது கழுத்தைத் திருகியது. நாகேந்திரம் அவளிடம் பொய் சொன்னார். இவளோ உண்மை முழுவதும் தெரிந்த பிறகு, எழும்பி நின்று சொல்கிறாள்.

ஒஸ்வால்டுக்கு மொழி புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்தன. "என்ன இது, ஃபொறின் லேடிக்கு முன்னால? மிஸிஸ் நாகேந்திரம், என்ன பிரச்சினை?"

வலன்ரைன் அவருக்குத் தமிழில் விளக்கினார். பிலார் ஆங்கிலத்தில் ஒஸ்வால்டிடம் கேட்டார், நிலையத்தை நடத்துகிறவர் நீங்கள், அது யாருடைய வகுப்பு என்று உங்களுக்குத் தெரியாதா?

"எனக்கு எங்க மேடம் ஞாபகம்? ரெண்டு பேரும் ஒரே வீடு, ஒரே மாடி" என்று ஆங்கிலமும் தமிழுமாகக் குழறினார் ஒஸ்வால்ட். "ஆனா வரவு இடாப்பு இருக்கு. ஒவ்வொரு நாளும் யார் வகுப்பு எடுத்தாங்களோ அவங்கதான் கையெழுத்து வைக்கணும். பிள்ளைங்க பேரும் இருக்கும். போன வருஷத்து இடாப்பும் பத்திரமா இருக்கு."

"அப்படியானால் அதைக் கொண்டு வாருங்கள்" என்றார் பிலார். "அதைப் பார்க்காமல் நான் ஒருவர் பெயரையும் எழுதமாட்டேன். எங்கே இருக்கிறது?"

"வெள்ளவத்தைல, மாடி அலுமாரிக்குள்ள. ரெண்டு திறப்புத்தான் இருக்கு. ஒண்ணு என்கிட்ட." ஒஸ்வால்ட் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார். "மத்தது மிஸிஸ் நாகேந்திரம் வீட்டுல."

கேதீஸ் இருந்தான், அவன் அந்த மாடியில் இருந்து படித்தான் என்று சொல்ல இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த இடாப்பு ஒன்றுதான். அவள் கையெழுத்துக்கு மேலே அவன் பெயர்.

அருள்நாயகி வாசலைப் பார்த்தாள். நாகேந்திரத்தைக் காணவில்லை. வாசல் வாங்கில் மூன்று சாப்பாட்டுப் பார்சலும் பிரிக்கப்படாமல் கிடந்தன. தெருவில் ஓர் ஓட்டோ புறப்படுகிற சத்தம் கேட்டது. வீட்டில் அந்த மற்றத் திறப்பு எங்கே தொங்குகிறது என்று அவருக்கும் தெரியும்.

"ஒஸ்வால்ட் அண்ணை, உங்கடை திறப்பைத் தாங்கோ" என்றாள். அவர் யோசிக்குமுன்னே அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"மச்சாள்!" என்று பின்னால் சிவமணி கூப்பிட்டாள். "மச்சாள், நில்லுங்கோ, நானும் வாறன்..."

அருள்நாயகி திரும்பிப் பார்க்கவில்லை. கொப்பிகளையும் எடுக்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள்.